கதீஜா அன்னையாரின் கழுத்து மாலை

ஹிஜ்ரி 2ஆம் ஆண்டு ரமளான் மாதத்தில் நடைபெற்ற பத்ருப் போரில் குறைஷியர் தரப்பில் 70 பேர் கொல்லப்பட்டனர். 70 பேர் கைதிகளாகப் பிடிபட்டு மதீனாவுக்குக் கொண்டுவரப்பட்டனர். அவர்களை மீட்பதற்காக மக்காவிலிருந்து பிணைத்தொகை வரத் தொடங்கியது. வசதி படைத்தோர் 4000 திர்ஹம் வரை அனுப்பினர். கையில் ஒன்றுமில்லாத, ஆனால் எழுதப் படிக்கத் தெரிந்த கைதிகள் மதீனாவின் சிறுவர் பத்துப் பேருக்கு எழுத்துக் கற்றுக்கொடுத்துவிட்டு விடுதலை பெற்றனர். இவை சீறா நூல்களைப் படித்தோர் யாவரும் அறிந்த செய்திகளே.

அந்தக் கைதிகளில் ஒருவர் அபுல் ஆஸ் பின் ரபீஉ. இவர் நபி (ஸல்) அவர்களின் மூத்த மகளார் ஸைனப் (ரலி) அவர்களின் கணவர். ஸைனப் (ரலி) அவர்கள் இஸ்லாத்தை ஏற்றிருந்தார்கள். கணவரோ அப்போது ஏற்கவில்லை. தந்தையும் தங்கைமாரும் மதீனாவுக்குச் சென்றுவிட்ட நிலையில் ஸைனப் (ரலி) அவர்கள் மட்டும் மக்காவில் கணவரின் வீட்டில் இருந்தார்கள். கணவரை மீட்க அவர்கள் அனுப்பிய பொருளில் ஒரு கழுத்து மாலையும் இருந்தது. திருமணத்தின்போது அவர்களின் தாயார் கதீஜா (ரலி) அவர்கள் தம் மகளுக்கு அணிவித்து அனுப்பிய மாலை அது.

அதைக் கண்டதும் நபி (ஸல்) அவர்களின் உள்ளம் மிகவும் இளகிவிட்டது. சுனன் அபூதாவூதில் பதிவாகியுள்ள இந்த ஹதீஸில் அந்த இளக்கத்தைக் குறிக்க வரும் அரபுச் சொல் மிக வலிமையானது. பிறகு அவர்கள் தோழர்களை நோக்கி, ஸைனபின் கைதியை விடுவித்து அவருக்கு உரியதை அவரிடமே திருப்பி அனுப்புவது உங்களுக்குச் சரியென்று தோன்றினால் அவ்வாறு செய்யலாமே என்று கேட்டார்கள். தோழர்கள் ஒப்புக்கொண்டனர். மாலை மக்காவுக்குத் திரும்பிச் சென்றது.

இங்கே சற்று நிற்க வேண்டும். பிணைத்தொகை என்பது போரில் பங்கெடுத்தவர்களின் உரிமை சார்ந்த பொருள். ஆட்சித் தலைவராக அவர்கள் ஒரு கட்டளை இட்டிருந்தால் மறுத்துப் பேச அங்கு எவரும் இருந்திருக்க மாட்டார். ஆயினும் கட்டளை பிறக்கவில்லை, வேண்டுகோள்தான் பிறந்தது. உள்ளம் கலங்கிய அந்த நேரத்திலும், அந்த மாலை தம் மனைவியின் நினைவுப்பொருள் என்பதற்காக அதைத் தம்முடையதாக அவர்கள் எண்ணவில்லை. பிறருடைய உரிமை எங்கே முடிகிறது, மகளின் உரிமை எங்கே தொடங்குகிறது என்பது அவர்களுக்குத் தெளிவாக இருந்தது. இதைப் பற்றிப் பின்னர் சொல்ல வேண்டியது இருக்கிறது.

அன்பிற்குரிய சகோதர சகோதரிகளே! அந்த மாலையில் அவர்கள் கண்டது எதை? அதை அறிய மக்காவின் இருபத்தைந்து ஆண்டுகளுக்குச் செல்ல வேண்டும்.

நம் ஊர்களில் நிகாஹ் முடிந்ததும் ஓதப்படும் துஆவில் நபி (ஸல்) அவர்களையும் கதீஜா (ரலி) அவர்களையும் இணைத்ததுபோல் இந்த மணமக்களையும் இணைத்து வைப்பாயாக என்று கேட்கிறோம். உமறுப் புலவரும் சீறாப்புராணத்தின் விலாதத்துக் காண்டத்தில் அந்தத் திருமணத்தை விரிவாகப் பாடியுள்ளார். ஆகவே மணமகளாகக் கதீஜா அன்னையாரை நம் சமுதாயம் நன்கு அறியும். அவர்கள் குறைஷியரின் அசத் கிளையைச் சேர்ந்த குவைலிதின் மகள். வணிகம் செய்து வந்தவர்கள். ஷாம் நாட்டுக்குச் செல்லும் தம் சரக்கை அந்த இளைஞரின் நேர்மையை நம்பி ஒப்படைத்தவர்கள். பின்னர் தாமே மண விருப்பத்தைத் தெரிவித்தவர்கள். திருமணத்தின்போது நபி (ஸல்) அவர்களுக்கு வயது 25. அன்னையாருக்கு 40 என்பது பரவலாகச் சொல்லப்படும் செய்தி. அதைவிடக் குறைவாகச் சொல்லும் அறிவிப்புகளும் உண்டு. இந்த வயதுக் கணக்கில் நாம் செலவிடும் நேரத்தில் ஒரு பகுதியையேனும் அந்த இல்லறத்தை அறிவதில் செலவிட்டிருக்கலாம்.

காசிம், அப்துல்லாஹ் என்னும் இரு ஆண் மக்களும், ஸைனப், ருகைய்யா, உம்மு குல்சூம், பாத்திமா என்னும் நான்கு பெண் மக்களும் அந்த வீட்டில் பிறந்தார்கள். ஆண் மக்கள் இருவரும் சிறு வயதிலேயே இறந்தனர். முந்தைய மண வாழ்வில் பிறந்த ஹிந்த் பின் அபீ ஹாலாவும் அங்கே வளர்ந்தார். அன்னையாரின் சகோதரர் மகன் ஹகீம் பின் ஹிஸாம் ஷாமிலிருந்து கொண்டுவந்த அடிமைச் சிறுவர்களில் ஒருவரை அத்தையிடம் தந்தார். அன்னையார் அவரைக் கணவருக்கு வழங்கினார்கள். கணவர் அவரை விடுதலை செய்து மகன்போல் வளர்த்தார்கள். அவர்தாம் ஸைத் பின் ஹாரிஸா (ரலி). சகோதரி ஹாலாவின் மகன் அபுல் ஆஸ் மீது அன்னையாருக்குப் பெற்ற மகன்போன்ற பாசம். தம் மூத்த மகளை அவருக்கு மணமுடித்துத் தர விரும்பியதும் அன்னையார்தாம் என்று இப்னு இஸ்ஹாக் எழுதுகிறார். பெற்ற பிள்ளைகள், முன்கணவரின் பிள்ளை, வளர்ப்பு மகன், சகோதரி மகன் என்று அத்தனை உறவுகளையும் ஒரே கூரையின் நிழலில் சேர்த்து வைத்த பெண்மணி அவர்கள்.

ஹிராக் குகையிலிருந்து நடுக்கத்துடன் இறங்கி வந்த இரவை எல்லோரும் அறிவோம். அப்போது அன்னையார் சொன்ன ஆறுதல் புகாரியின் தொடக்கத்திலேயே இடம்பெற்றுள்ளது. அல்லாஹ் உங்களை ஒருபோதும் கைவிட மாட்டான் என்று சொன்ன அவர்கள், அதற்கான காரணங்களையும் அடுக்கினார்கள். நீங்கள் உறவைப் பேணுகிறீர்கள், சுமக்க இயலாதவரின் சுமையைச் சுமக்கிறீர்கள், இல்லாதவருக்கு ஈட்டிக் கொடுக்கிறீர்கள், விருந்தினரை உபசரிக்கிறீர்கள், இடர்ப்பட்டோருக்குத் துணை நிற்கிறீர்கள் என்னும் கருத்தில் அவர்கள் பேசினார்கள். பதினைந்து ஆண்டுகள் ஒருவருடன் வாழ்ந்து, அவருடைய ஒவ்வொரு நற்செயலையும் மனத்தில் வைத்திருந்த ஒருவரால்தான் அந்த நேரத்தில் அப்படிப் பேச முடியும். கணவரின் குறைகளைத் தேதி வாரியாக நினைவில் வைத்திருப்போரும், மனைவியின் குறைகளை ஊரறியப் பேசுவோரும் இந்த ஹதீஸை ஒருமுறை நிதானமாகப் படிக்க வேண்டும்.

பிறகு வந்தவை கடினமான ஆண்டுகள். ஹாஷிம் குலத்தார் அபூதாலிபின் கணவாயில் ஒதுக்கி வைக்கப்பட்ட மூன்று ஆண்டுகளில், செல்வத்தில் வளர்ந்த அன்னையாரும் பசியைப் பகிர்ந்துகொண்டார்கள். அப்போது ஹகீம் பின் ஹிஸாம் இன்னும் இஸ்லாத்தை ஏற்கவில்லை. ஆயினும் தம் அத்தைக்காகக் கோதுமையை எடுத்துச் சென்றார். அபூஜஹ்ல் வழிமறித்துச் சண்டையிட்டான். அபுல் பக்தரீ என்பவர் குறுக்கிட்டு, தன் அத்தைக்கு உணவு கொண்டுபோகிறவனை ஏன் தடுக்கிறாய் என்று கேட்டு வழிவிடச் செய்தார் என்று சீறா நூல்கள் கூறுகின்றன.

முற்றுகை நீங்கிய சிறிது காலத்தில், நபித்துவத்தின் 10ஆம் ஆண்டில், ஹிஜ்ரத்துக்கு ஏறத்தாழ மூன்று ஆண்டுகளுக்கு முன், அன்னையார் இறையடி சேர்ந்தார்கள். அதே காலத்தில் அபூதாலிபும் இறந்தார். ஜனாஸாத் தொழுகை அப்போது சட்டமாக்கப்பட்டிருக்கவில்லை. மக்காவின் ஹஜூன் பகுதியில் அடக்கம் நடந்தது. நபி (ஸல்) அவர்களே கப்ருக்குள் இறங்கினார்கள். இந்த அடக்கத்தைப் பற்றிய செய்தியை நமக்குச் சொல்பவர் வேறு யாருமல்லர், கோதுமை சுமந்து சென்ற அதே ஹகீம் பின் ஹிஸாம் (ரலி) அவர்கள்தாம். மக்கா வெற்றியின்போது அவர்கள் இஸ்லாத்தை ஏற்றார்கள்.

வீட்டில் மணமாகாத பெண் மக்கள் இருந்தனர். கவ்லா பின்த் ஹகீம் (ரலி) அவர்கள் வந்து, கதீஜாவின் இழப்பு உங்களை வாட்டுவதைக் காண்கிறேன் என்றபோது, ஆம், அவர் பிள்ளைகளின் தாயாகவும் வீட்டின் தலைவியாகவும் இருந்தார் என்னும் கருத்தில் பதில் வந்ததாக இப்னு ஸஅத் பதிவு செய்கிறார். பிறகு ஸவ்தா (ரலி) அவர்கள் அந்த வீட்டுக்கு வந்தார்கள். உம்மு குல்சூம் (ரலி), பாத்திமா (ரலி) ஆகியோரின் ஹிஜ்ரத் பயணமும் ஸவ்தா அன்னையாருடன்தான் நிகழ்ந்தது.

மறுமணம் நடந்தது. வீடு மீண்டும் நிறைந்தது. மதீனாவில் ஓர் ஆட்சியே உருவானது. ஆனால் கதீஜா (ரலி) என்ற பெயர் அந்த வீட்டில் மறையவில்லை.

ஆடு அறுக்கப்படும்போது அதைத் துண்டுகளாக்கி, கதீஜா அன்னையாரின் தோழியரைத் தேடி நபி (ஸல்) அவர்கள் அனுப்பி வைப்பார்கள். ஒருமுறை அன்னையாரின் சகோதரி ஹாலா (ரலி) அவர்கள் மதீனாவுக்கு வந்து வாசலில் நின்று உள்ளே வர அனுமதி கேட்டார்கள். உடன்பிறந்தவர்களுக்கே உரிய குரல் ஒற்றுமையால் கதீஜா அன்னையார் அனுமதி கேட்கும் முறை நபி (ஸல்) அவர்களின் நினைவுக்கு வந்தது. அவர்கள் நிலைகொள்ளாமல், யா அல்லாஹ், இது ஹாலாவாக இருக்க வேண்டுமே என்றார்கள். இவை இரண்டும் புகாரியில் உள்ளவை. இன்னொரு முறை முதிய பெண்மணி ஒருவர் வந்தார். அவரை அன்புடன் வரவேற்று, எப்படி இருக்கிறீர்கள், எங்களுக்குப் பின் உங்கள் நிலை எப்படி என்றெல்லாம் விசாரித்தார்கள். அவர் சென்ற பின், இந்த மூதாட்டிக்கு இத்தனை வரவேற்பா என்று கேட்கப்பட்டது. கதீஜாவின் காலத்தில் இவர் நம்மிடம் வந்துகொண்டிருந்தார். பழைய உறவை நல்ல முறையில் பேணுவது ஈமானில் உள்ளது என்ற கருத்தில் பதில் கிடைத்தது. இது ஹாகிமின் முஸ்தத்ரக்கில் உள்ள அறிவிப்பு.

இனி ஒன்றைக் கவனியுங்கள். ஆட்டிறைச்சிச் செய்தியை அறிவிப்பவர் யார்? ஆயிஷா (ரலி). ஹாலாவின் குரல் பற்றி அறிவிப்பவர்? ஆயிஷா (ரலி). மூதாட்டி ஏன் வரவேற்கப்பட்டார் என்று கேட்டவர்? அவர்களே. பத்ருக் கைதிக்காக வந்த கழுத்து மாலையைப் பற்றி அறிவிப்பவரும் ஆயிஷா (ரலி) அவர்கள்தாம்.

கதீஜா (ரலி) அவர்களைத் தாம் பார்த்ததில்லை என்று ஆயிஷா அன்னையாரே சொல்கிறார்கள். நபி (ஸல்) அவர்களின் மனைவியரில் வேறு எவர் மீதும் கொள்ளாத ரோஷம் தமக்கு அவர் மீது இருந்தது என்பதையும், அதற்குக் காரணம் அவர்களை நபி (ஸல்) அவர்கள் அதிகம் நினைவுகூர்ந்ததே என்பதையும் ஒளிக்காமல் கூறுகிறார்கள். உலகில் கதீஜாவைத் தவிர வேறு பெண்ணே இல்லையா என்று கேட்டதையும், காலம் சென்றுவிட்ட அந்த முதியவரை இன்னும் நினைக்க வேண்டுமா, அவரைவிடச் சிறந்தவரை அல்லாஹ் தந்திருக்கிறானே என்று சொன்னதையும் அவர்களே அறிவிக்கிறார்கள். அதற்குக் கிடைத்த பதிலையும் மறைக்கவில்லை. அவரைவிடச் சிறந்தவரை அல்லாஹ் எனக்குத் தரவில்லை. மக்கள் மறுத்தபோது அவர் என்னை நம்பினார், மக்கள் கைவிட்டபோது தம் பொருளால் எனக்கு ஆதரவளித்தார், அவர் மூலமே அல்லாஹ் எனக்குப் பிள்ளைகளைத் தந்தான் என்ற கருத்தில் அமைந்த அந்தப் பதில் முஸ்னத் அஹ்மதில் உள்ளது. அவர் மீதான நேசம் எனக்கு வழங்கப்பட்டது என்னும் பொருள்பட நபி (ஸல்) அவர்கள் கூறியதை முஸ்லிம் பதிவு செய்துள்ளார். கொடுக்கப்பட்ட உணவைப் போல, செல்வத்தைப் போல, அந்த நேசமும் அல்லாஹ் அளித்த ரிஸ்க்.

தமக்கு முன் அந்த இடத்தில் வாழ்ந்த ஒருவரின் சிறப்பை, தமக்கே சற்றுக் கசந்த சொற்கள் உட்பட, ஒன்றுவிடாமல் அடுத்த தலைமுறைக்குச் சொல்லிச் சென்றவர் ஆயிஷா (ரலி). இன்று நாம் கதீஜா அன்னையாரை இவ்வளவு நெருக்கமாக அறிய முடிகிறதென்றால் அதற்குக் காரணம் அவர்களின் வாய்மைதான். அந்த வீட்டில் இறந்தவரைப் பற்றிப் பேசுவது தடுக்கப்பட்டிருக்கவில்லை. உயிருடன் இருப்பவர் தம் மனத்தாங்கலைச் சொல்வதும் தடுக்கப்பட்டிருக்கவில்லை. ஆயிஷா (ரலி) அவர்கள் கேட்டார்கள்; நபி (ஸல்) அவர்கள் பதில் சொன்னார்கள். அதற்குப் பிறகும் ஆயிஷா அன்னையார் மீது அவர்கள் கொண்டிருந்த அன்பில் குறைவு ஏற்படவில்லை என்பதற்கு அவர்களின் இறுதி நாட்களே சான்று. நோயுற்றபோது மற்ற மனைவியரின் சம்மதத்துடன் ஆயிஷா (ரலி) அவர்களின் அறையில்தான் தங்கினார்கள். அவர்களின் மடியில் சாய்ந்த நிலையில்தான் உயிர் பிரிந்தது.

சிலர் இங்கு ஒரு கேள்வி எழுப்புவர். மார்க்கம் துக்கத்துக்கு எல்லை வகுத்திருக்கிறதே, இது எப்படி என்பர். உண்மைதான். இறந்தவர் உறவினராயின் ஒரு பெண் மூன்று நாட்களுக்கு மேல் துக்கம் கடைப்பிடிக்கக் கூடாது. கணவருக்காக மட்டும் நான்கு மாதம் பத்து நாட்கள். உம்மு ஹபீபா (ரலி) அவர்கள் தம் தந்தை இறந்த பின் நறுமணத்தை வரவழைத்துப் பூசிக்கொண்டு, தமக்கு இதில் விருப்பமில்லை, ஆனால் நபி (ஸல்) அவர்கள் இப்படிச் சொல்லக் கேட்டிருக்கிறேன் என்று கூறிய செய்தி புகாரியில் இருக்கிறது. ஆனால் அங்கு எல்லை வகுக்கப்பட்டது அலங்காரத்தைத் துறந்து துக்கம் கடைப்பிடிப்பதற்கு. அன்புடன் நினைப்பதற்கு எல்லை இல்லை. ஒப்பாரியும் மாரடிப்பும் தடுக்கப்பட்டவை. தோழியருக்கு இறைச்சி அனுப்புவதும், சகோதரியின் குரல் கேட்டு மகிழ்வதும், பழகியவர்களை விசாரிப்பதும் அந்தத் தடைக்குள் வரமாட்டா. அவை வருடந்தோறும் ஒரு நாள் குறித்துச் செய்யப்பட்டவையுமல்ல. ஆடு அறுத்தால் நினைவு வந்தது; வாசலில் குரல் கேட்டால் நினைவு வந்தது.

இந்தப் பாடத்தை நன்கு பற்றிக்கொண்டவர்களில் ஒருவர் அப்துல்லாஹ் பின் உமர் (ரலி). மக்காவுக்குச் செல்லும் வழியில் ஒரு கிராமவாசியைச் சந்தித்தபோது, ஒட்டகத்தில் சலிப்பு ஏற்பட்டால் மாறி ஏறிக்கொள்வதற்காக வைத்திருந்த கழுதையை அவருக்குக் கொடுத்தார்கள். தம் தலையில் இருந்த தலைப்பாகையையும் எடுத்துக் கொடுத்தார்கள். உடன் வந்தோர், கிராமத்தவர்கள் சிறிதளவு கொடுத்தாலே மகிழ்ந்துவிடுவார்களே என்றனர். இவருடைய தந்தை என் தந்தை உமரின் நண்பர் என்பதே அவர்களின் விளக்கம். தந்தைக்குப் பின் தந்தையின் நேசத்துக்குரியவர்களைப் பேணுவது மிகச் சிறந்த நற்செயல் என்று நபி (ஸல்) அவர்கள் சொல்லத் தாம் கேட்டதாகவும் கூறினார்கள். ஸஹீஹ் முஸ்லிமில் இது உள்ளது.

இப்போது நம் வீடுகளுக்கு வருவோம். மனைவியை இழந்தவர் மறுமணம் செய்வது நமது சமுதாயத்தில் குறையாகக் கருதப்படுவதில்லை, அது நல்லதே. ஆனால் மறுமணம் நடந்த பல வீடுகளில் முதல் மனைவியின் பெயர் உச்சரிக்கத் தகாததாகிவிடுகிறது. புதிதாக வந்தவர் மனம் நோகக் கூடாது என்று பெரியவர்கள் பிள்ளைகளுக்குச் சொல்லி வைக்கின்றனர். உம்மாவைப் பெற்ற பாட்டியும், மாமாவும், சாச்சியும் மெல்ல மெல்ல அந்நியராகின்றனர். பெருநாளுக்குக்கூடப் பிள்ளைகளை அந்த வீட்டுக்கு அனுப்புவதில்லை. இறந்தவரின் தோழிகளை விசாரிப்பது எங்கே, அவருடைய தாயைக்கூட விசாரிக்க ஆளில்லை.

மத்ரஸாவில் புதிதாகப் பிள்ளைகளைச் சேர்க்கும்போது பெற்றோர் பெயர்களைக் கேட்டு எழுதுவது வழக்கம். ஒரு சிறுமி தயங்காமல் தாயின் பெயரைச் சொன்னாள். எழுதிக்கொண்டேன். வகுப்பு முடிந்து பிள்ளைகள் கலைந்த பின் அவள் மட்டும் மீண்டும் வந்து, ஹஸ்ரத், அது இப்போதுள்ள உம்மா, எங்க உம்மா பேரையும் எழுதலாமா என்று தாழ்ந்த குரலில் கேட்டாள். எழுதலாம் என்றேன். பெயரைச் சொல்லிவிட்டு, வாப்பாகிட்ட சொல்ல வேண்டாம் என்றாள். அந்தத் தகப்பனார் ஐவேளையும் ஜமாஅத்துடன் தொழுபவர். தீயவர் அல்லர். மகளின் உள்ளத்தில் என்ன நடக்கிறது என்பதை எண்ணிப் பார்க்க யாரும் அவருக்குச் சொல்லித் தரவில்லை, அவ்வளவே.

பெயர் மட்டும் மறைவதில்லை, பொருளும் மறைகிறது. மேலே பின்னர் சொல்வேன் என்று நிறுத்தியது இதைத்தான். இறந்த மனைவியின் நகைகள் கணவரின் அலமாரியில் இருக்கும். சில காலம் கழிந்து அவை புது மணமகளின் கழுத்தில் காணப்படும். இதை யாரும் திருட்டு என்று அழைப்பதில்லை. ஆனால் மார்க்கச் சட்டம் தெளிவானது. தாய்வீட்டார் அவளுக்கென்று போட்ட நகையும், மஹராகக் கிடைத்த நகையும், கணவர் அன்பளிப்பாகக் கொடுத்துவிட்ட நகையும் அவளுடைய உடைமை. அவள் இறந்த நொடியில் அவை வாரிசுச் சொத்தாகிவிடுகின்றன. கணவர் மஹரைக் கொடுக்காமல் வைத்திருந்தால் அது அவர் மீதுள்ள கடன். அதுவும் அவளுடைய சொத்தில் சேரும்.

அந்நிஸா அத்தியாயத்தின் 11, 12ஆம் வசனங்கள் பங்குகளை வகுத்துள்ளன. ஓர் எடுத்துக்காட்டு: இறந்த பெண் 36 பவுன் நகையை விட்டுச் சென்றாள், கணவர், தாய், தந்தை, ஒரு மகன், ஒரு மகள் உள்ளனர், கடனும் வஸிய்யத்தும் இல்லை என்று கொள்வோம். பிள்ளைகள் இருப்பதால் கணவருக்கு நான்கில் ஒன்று, அதாவது 9 பவுன். தாய்க்கு ஆறில் ஒன்று, 6 பவுன். தந்தைக்கும் அவ்வாறே 6 பவுன். எஞ்சிய 15 பவுனில் மகனுக்கு 10, மகளுக்கு 5. ஆக, முழுவதையும் கையில் வைத்திருக்கும் கணவருக்கு உரியது 9 பவுன் மட்டுமே. மீதமுள்ள 27 பவுன் பிறருடையது. அதில் 15 பவுன் தாயில்லாப் பிள்ளைகளுடையது. பிள்ளைகள் சிறியவர்களாயின் தகப்பன் அதைப் பாதுகாத்து வைக்கலாம்; தன் விருப்பப்படி இன்னொருவருக்கு அணிவிக்க இயலாது. அநாதைகளின் பொருளைப் பற்றிய எச்சரிக்கையும் அதே அத்தியாயத்தில், பங்குகளைக் கூறும் வசனத்துக்கு முந்தைய வசனத்தில்தான் வருகிறது என்பதை ஓதத் தெரிந்தவர்கள் அறிவார்கள்.

இறந்தவரின் தாய் தந்தையருக்கு அந்தப் பங்கைக் கொண்டுபோய்க் கொடுத்தால் பெரும்பாலும் அவர்கள் அதைப் பேரப்பிள்ளைகளுக்கே கொடுத்துவிடுவர். அது அவர்கள் விருப்பம். ஆனால் பங்கைக் கொண்டுபோகும் அந்தப் பயணத்திலேயே அறுந்த உறவு ஒன்று மீண்டும் தைக்கப்படுகிறது. புதிதாக வந்த மனைவிக்கும் இதில் நன்மை உண்டு. முன்னவளின் பொருளை நேர்மையாகப் பிரித்துக் கொடுத்த கணவரிடம் தன் உரிமையும் தன் நினைவும் பத்திரமாக இருக்கும் என்று அவள் நிம்மதியாக இருக்கலாம்.

மாலை திரும்பி வந்த வீட்டின் கதையைச் சொல்லாமல் விட்டுவிடக் கூடாது. ஸைனபை மதீனாவுக்கு அனுப்பி வைப்பதாக அபுல் ஆஸ் வாக்களித்திருந்தார். அழைத்து வரச் சென்றவர்களில் ஒருவர் ஸைத் பின் ஹாரிஸா (ரலி), கதீஜா அன்னையாரின் வீட்டில் வளர்ந்த அதே ஸைத். வாக்கு நிறைவேற்றப்பட்டது. குறைஷியர் முன்னொரு சமயம் மனைவியை மணவிலக்குச் செய்யும்படி வற்புறுத்தியபோதும் அபுல் ஆஸ் மறுத்திருந்தார். பேசினால் உண்மை பேசினார், வாக்களித்தால் நிறைவேற்றினார் என்று அந்த மருமகனை நபி (ஸல்) அவர்கள் புகழ்ந்தது புகாரியில் உள்ளது. சில ஆண்டுகளுக்குப் பின், மக்காவினரின் வணிகச் சரக்குகளை உரியவர்களிடம் ஒப்படைத்து முடித்துவிட்டு, அவர் இஸ்லாத்தை ஏற்று மதீனா வந்து மனைவியுடன் சேர்ந்தார்.

அந்தச் சேர்க்கை நீண்ட நாள் நீடிக்கவில்லை. ஹிஜ்ரி 8ஆம் ஆண்டில் ஸைனப் (ரலி) அவர்கள் மறைந்தார்கள். உடலைக் குளிப்பாட்டிய பெண்களிடம் நபி (ஸல்) அவர்கள் தம் கீழாடையைக் கொடுத்து, மகளின் உடலோடு ஒட்டி அதைப் போர்த்தச் சொன்னார்கள் என்று உம்மு அதிய்யா (ரலி) அறிவிக்கிறார்கள். ஸைனபின் சிறு மகள் உமாமாவைத் தொழுகையில் தோளில் சுமந்தபடி நிற்பார்கள். ஸஜ்தாவுக்குச் செல்லும்போது இறக்கி வைப்பார்கள். எழும்போது மீண்டும் தூக்கிக்கொள்வார்கள். தாய் வழியில் கதீஜா அன்னையாரின் பேத்தி, தந்தை வழியில் அன்னையாரின் சகோதரிக்குப் பேத்தி அந்தக் குழந்தை.

அதே 8ஆம் ஆண்டு ரமளானில் மக்கா வெற்றி கொள்ளப்பட்டது. நபி (ஸல்) அவர்கள் தம் கொடியை ஹஜூனில் நடுமாறு ஸுபைர் பின் அவ்வாம் (ரலி) அவர்களுக்குக் கட்டளையிட்டார்கள். ஸுபைர், அன்னையாரின் சகோதரர் மகன். ஹஜூன், அன்னையார் அடங்கியுள்ள இடம். நம் பேச்சாளர்கள் சிலர் இதன் மேல் நிறைய அடுக்கிச் சொல்கின்றனர். நமக்கு ஹதீஸில் உள்ளதே போதும்.

பாத்திமா (ரலி) அவர்களின் மகன் ஹஸன் (ரலி), பாட்டனார் மறைந்தபோது ஏழெட்டு வயதுச் சிறுவர். பாட்டனாரின் தோற்றத்தை மனத்தில் பற்றிக்கொள்ள விரும்பிய அவர், அதை வருணிப்பதில் வல்லவரான தம் தாய்மாமன் ஒருவரிடம் சென்று கேட்டார். அந்த மாமன் நெற்றியையும் புருவத்தையும் நடையையும் பேச்சையும் மௌனத்தையும் ஒவ்வொன்றாக எடுத்துச் சொன்னார். திர்மிதியின் ஷமாயிலில் உள்ள அந்த நீண்ட வருணனையை இன்றும் மத்ரஸாக்களில் ஓதுகிறோம். சொன்னவர் பெயர் ஹிந்த் பின் அபீ ஹாலா (ரலி), கதீஜா அன்னையாரின் மகன்.